பள்ளிக்கூடத்து நடைபாலம்: கீழேயிருந்து தொடங்கிய பழுதுவேலை

எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு முன்னால் ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. வெண்ணாற்றுத் தண்ணீர். தென்கரைத் தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அதைக் கடக்க ஒரே ஒரு நடைபாலம்தான். நீளம் 9 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். நடுவில் இரண்டு செங்கல் தூண்கள். அவற்றின் மேல் 3 மீட்டர், 3 மீட்டராக மூன்று கான்கிரீட் ஸ்லாப்கள். இரண்டு பக்கமும் இரும்புக் குழாய்க் கைப்பிடி.

அந்தக் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து வாய்க்காலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் வெல்டரைக் கூப்பிட்டு ஒட்டவைத்துவிடலாம் என்பதே முதல் பேச்சு. நான் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறவன். மகள் அங்கே படிப்பதால் குழுவில் இருக்கிறேன். குழாயைப் பார்த்தேன், வெல்டிங் எங்கும் விடவில்லை. கம்பம் நட்டிருந்த இடத்தில் ஸ்லாபின் ஓரமே பிளந்து, கம்பம் வேரோடு வந்திருந்தது. ஓரம் இப்படிப் பிளந்தால் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம் என்று சொன்னேன்.

டெல்டாவில் வாய்க்கால் வேலைக்கு நாள்காட்டி மேட்டூரில் இருக்கிறது. வழக்கப்படி ஜனவரி 28 அன்று அணையை மூடுவார்கள், ஜூன் 12 அன்று திறப்பார்கள். நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்னே பின்னே போகும். திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும், அங்கிருந்து கிளை வாய்க்கால்களுக்குப் பிரியும். அதற்குள் கீழ்வேலை முடியவில்லை என்றால் அடுத்த வருடம்தான். இன்னொரு பக்கம் பள்ளிக்கூட நாள்காட்டி: ஏப்ரல் கடைசி வரை தேர்வு, ஜூனில் பள்ளி திறப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கடைக்கால் (அஸ்திவார) வேலை பிப்ரவரி, மார்ச்சில் முடிய வேண்டும், கான்கிரீட் ஏப்ரல் கடைசியில் போட்டாக வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிட்டது.

ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வாய்க்கால் நீர்வளத்துறைக்குச் சொந்தம், பாலம் ஊராட்சியின் பொறுப்பு. இரண்டு இடத்திலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் இதில் கைவைக்கக் கூடாது. செலவில் ஒரு பங்கு பழைய மாணவர்களும் பெற்றோரும் போட்டார்கள். மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் பார்த்துத் திருத்தித் தந்தார். இந்தக் காகித வேலையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. பொறுமையாக அலைந்தால் நடக்கும்.

கீழே இறங்கிப் பார்த்தபோது

பிப்ரவரி நடுவில் வாய்க்கால் காய்ந்தது. கொத்தனார் அண்ணன், கம்பி கட்டுகிற தம்பி, நான் மூவரும் சுத்தியலோடு பாலத்துக்கு அடியில் போனோம். ஸ்லாபின் அடிப்பக்கம் முழுக்க ஒரு ஜாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தோம். நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்தென்று கேட்கும். தென்கரை ஸ்லாப் பக்கம் போனதும் அண்ணன் நின்றுவிட்டார்.

"தம்பி, சத்தம் சரியில்ல. உள்ள பொரை விட்டுருக்கு."

பொத்தென்று கேட்ட இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டோம். தென்கரை ஸ்லாபில் பாதிக்கு மேல் கோட்டுக்குள் வந்துவிட்டது. மற்ற இரண்டிலும் திட்டுத் திட்டாக.

அடுத்த சோதனைக்குப் பள்ளி ஆய்வகமே கைகொடுத்தது. வேதியியல் ஆசிரியை பினாப்தலீன் கரைசல் ஒரு புட்டி கொடுத்தார். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் இதைத் தெளித்தால், காரத்தன்மை இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். நல்ல கான்கிரீட்டின் பி.ஹெச். மதிப்பு 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி, துருவைத் தடுத்து நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. ஏறக்குறைய 9க்குக் கீழே போனால் படலம் போய்விடும். அதற்குப் பிறகு ஈரம் பட்டால் துருதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பொரிந்து விழுகிறது. எங்கள் பாலத்தில் கம்பிக்கு வெளியே இருந்த கான்கிரீட், அதாவது 'கவர்', சில இடத்தில் ஒரு செ.மீ. கூட இல்லை. கம்பியைத் தாண்டி உள்ளே வரைக்கும் நிறம் வரவில்லை.

இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வெர்னியர் அளவி வந்தது. பழைய சாதா உருளைக் கம்பி, 10 மி.மீ. தடிமன், ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளியில் போட்டிருந்தார்கள். துருவைச் சுரண்டி அளந்தால் தென்கரை ஸ்லாபில் பல கம்பிகள் 7 மி.மீ.க்கு வந்திருந்தன. பத்தில் ஏழு என்றால் முக்கால்வாசி மிச்சமிருப்பதுபோல் தோன்றும். ஆனால் பாரம் தாங்குவது கம்பியின் குறுக்குப் பரப்பு. ஏழேழு நாற்பத்தொன்பது, பத்துப்பத்து நூறு. பாதி போய்விட்டது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கூடவே நின்று இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தினமும் தாங்கள் நடக்கிற ஸ்லாபில் பாதிக் கம்பி இல்லை என்று புரிந்ததும் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். அன்றைக்கே பாலத்தை மூடிவிட்டோம்.

மற்ற இரண்டு ஸ்லாபிலும் பெரும்பாலான கம்பி 9 மி.மீ. இருந்தது. நூறில் எண்பத்தொன்று. அதைக் காப்பாற்றலாம்.

தென்கரை ஸ்லாப் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? மேலே ஏறிப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. தெருவின் வடிகால் அந்த முனையில் உடைந்து, தண்ணீர் ஸ்லாபின் மேல் வழிந்து, ஓரமாக இறங்கி, அடிப்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பங்களை ஸ்லாபில் குழி விட்டு நட்டிருந்ததால் அந்தக் குழிகளிலும் தண்ணீர் நின்றது. எனவே முதல் வேலை சிமெண்ட் வேலையே இல்லை. வடிகாலைத் திருப்பி, பாலத்தைத் தொடாமல் தனிக் குழாயில் வாய்க்காலின் கீழ்ப்பக்கம் இறக்கினோம். இதைச் செய்யாமல் மேலே எவ்வளவு விலை உயர்ந்த கலவை பூசினாலும் வீண்.

தூணின் காலடி

தென்பக்கத் தூணைச் சுற்றி மண் இறங்கியிருந்தது. தூணின் மேல்நீர்ப் பக்கம், அதாவது தண்ணீர் வந்து மோதுகிற பக்கம், முட்டியளவு பள்ளம். கடைக்காலின் அடியில் கையை விட்டால் முழங்கை வரை போனது. இதற்கு இரண்டு காரணம். ஓடுகிற தண்ணீர் தூணில் மோதினால் ஒரு பங்கு கீழ்நோக்கித் திரும்பி, சுழித்துக்கொண்டு அடிமண்ணைக் கிளப்பும். அதனால் பள்ளம் எப்போதும் மேல்நீர் முகத்தில்தான் ஆரம்பிக்கும். ஆகாயத்தாமரை தூண்களுக்கு நடுவில் அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு வழி குறுகி, வேகம் கூடி, அரிப்பும் கூடும். இரண்டாவது, வருடா வருடம் தூர்வாரும்போது இயந்திரம் தூண் ஓரம்வரை வாரி, பழைய வாய்க்கால் தரையைவிடக் கீழே போயிருந்தது. தூர்வாருவது அவசியம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாலத்துக்கு இருபக்கமும் சில மீட்டர் தூரத்துக்குக் கையால்தான் மண் எடுக்க வேண்டும்.

கடைக்காலுக்குக் கீழே வேலை செய்யும்போது உயிர் போகும் ஆபத்து உண்டு. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன். முதலில் தூணின் இருபக்கமும் ஸ்லாபுக்கு அடியில் இரும்பு ஜாக்கி முட்டுக் கொடுத்தோம். ஜாக்கிக்கு அடியில் மண்ணில் நேராக நிறுத்தாமல் தடித்த பலகை பரப்பி, அதன் மேல் நிறுத்தினோம். பாரம் ஜாக்கிக்கு மாறிய பிறகுதான் மண்வெட்டி எடுத்தோம். கடைக்காலைச் சுற்றி ஒரே மூச்சில் தோண்டக் கூடாது. கால்வாசி கால்வாசியாகப் பிரித்து, ஒரு மூலையைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு எதிர் மூலைக்குப் போக வேண்டும். பக்கத்துப் பக்கத்து மூலைகளை அடுத்தடுத்துத் தொடக் கூடாது.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது. புதுக் கான்கிரீட்டைக் கடைக்காலின் அடிமட்டம்வரை நிரப்பிவிட்டால் வேலை முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் கான்கிரீட் இறுகும்போது கொஞ்சம் சுருங்கி இறங்கும். மேலே மயிரிழை இடைவெளி விட்டுவிடும். தூண் அந்த இடைவெளியைத் தேடி இறங்கும்போது மேலே ஸ்லாபில் விரிசல் வரும். அதனால் மேலே 5 செ.மீ. விட்டுவிட்டு நிறுத்தினோம். மறுநாள் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையை, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரம் சேர்த்து, மரக்கட்டை வைத்து அடித்து அடித்து அந்த இடைவெளிக்குள் திணித்தோம். அண்ணன் இதைச் செய்த விதம் பார்க்கவே அழகு. ஒரு பாண்டு கலவையை ஒரு மூலைக்குத் திணிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதன் பிறகு பாலத்தின் மேல்நீர்ப் பக்கமும் கீழ்நீர்ப் பக்கமும் வாய்க்காலின் குறுக்கே தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பினோம். இரண்டுக்கும் நடுவில் சிறு ஜல்லி பரப்பி, மேலே கருங்கல் பாவினோம். ஜல்லிப் படுகை இல்லாமல் களிமண் மேல் நேராகக் கல் பாவினால், கல் இடுக்கு வழியாக மண் உறிஞ்சப்பட்டுக் கல் இறங்கிவிடும். கல்லின் மேல்மட்டம் வாய்க்காலின் அசல் தரைமட்டத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட வரக் கூடாது என்று நீர்வளத்துறைப் பொறியாளர் கறாராகச் சொன்னார். நியாயம்தான். கடைமடைக்குப் போகிற தண்ணீரை எங்கள் பாலம் தடுக்கக் கூடாது. ரசமட்டக் குழாய் வைத்து மட்டம் பார்த்தே ஒவ்வொரு வரிசையும் பாவினோம்.

இந்த வாரங்களில் பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்று கேட்கலாம். வேலை நடக்கும் இடத்துக்கு மேல்நீர்ப் பக்கம், வேலிக்கு வெளியே, காய்ந்த வாய்க்காலில் மணல் மூட்டைப் படி போட்டு, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தோம். காலையும் மாலையும் பெற்றோர் ஒருவர் அங்கே நின்றார். இது ஏற்பாட்டிலேயே இருக்க வேண்டிய செலவு; கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடியது இல்லை.

இரண்டு ஸ்லாபில் ஒட்டு, ஒன்றில் புதுசு

வடகரை ஸ்லாபிலும் நடு ஸ்லாபிலும் பழுதான திட்டுகளைச் சுற்றி முதலில் கட்டர் வைத்து ஒரு செ.மீ. ஆழத்துக்கு நேர்கோடாக வெட்டினோம். கோடு போட்டு வெட்டாமல் உளியால் மட்டும் கொத்தினால் ஓரம் ஒன்றுமில்லாமல் மெலிந்துபோகும். புதுக் கலவை அந்த மெல்லிய ஓரத்தில்தான் முதலில் பெயரும். அப்புறம் சின்ன சிப்பிங் இயந்திரம். கம்பிக்குப் பின்னாலும் இரண்டு செ.மீ. இடைவெளி வரும்வரை கொத்த வேண்டும். விரல் சுற்றி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுத்தம் செய்து பூசிவிட்டால் பின்பக்கத் துரு வேலையைத் தொடரும்.

துருவுள்ள நீளத்தோடும் நிறுத்தக் கூடாது. கம்பி பளபளவென்று சுத்தமாகத் தெரிகிற இடத்தைத் தாண்டியும் கொஞ்சம் திறக்க வேண்டும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பிக்கும் பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் மின்வேதி வேறுபாடு வந்துவிடும். ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கும், அதைச் சுற்றி வளையம்போல் புதுத் துரு கிளம்பும். ஊரில் பல கட்டடங்களில் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பெயர்வதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

கம்பி பிரஷ் போட்டு இரும்பு நிறம் தெரியும்வரை தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தோம். கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்த ஒன்றிரண்டு கம்பிகளுக்குப் பக்கத்தில் புது 10 மி.மீ. முறுக்குக் கம்பியை, தேய்ந்த பகுதியைத் தாண்டி இருபுறமும் 60 செ.மீ. வரும்படி சேர்த்துக் கட்டினோம். இரவெல்லாம் கான்கிரீட் முகத்தை நனைத்து வைத்து, காலையில் மேல் ஈரம் வற்றியதும், லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பால் தடவி, அது காய்வதற்குள் பாலிமர் கலவையை அழுத்திப் பூசினோம். தலைக்கு மேல் பூசுவதால் ஒரே தடவையில் கனமாக அப்பினால் விழுந்துவிடும். மெல்லிய அடுக்காக வைத்து, முகத்தைச் சொரசொரப்பாக்கி, அடுத்த அடுக்கு. அடிப்பக்கத்தை எப்படி நனைத்து வைப்பது என்பதுதான் சிக்கல். ஈரச் சாக்கைக் கோழிவலைக் கம்பியில் வைத்து ஸ்லாபோடு ஒட்டிக் கட்டினோம், கைத்தெளிப்பானால் அடிக்கடி நனைத்தோம்.

தென்கரை ஸ்லாபை உடைத்தே ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சிலர் அதையும் பூசிப் பார்க்கலாம் என்றார்கள். பாதிக் கம்பி போனதைப் பூச்சு திருப்பித் தராது. அந்த ஒரு ஸ்லாப் ஏறக்குறைய 1.7 டன் எடை. அடியில் முழுக்க முட்டுக் கொடுத்து, மேலேயிருந்து துண்டு துண்டாக உடைத்து, கம்பியை அறுத்து எடுத்தோம்.

புது ஸ்லாபுக்குப் பாரக் கணக்கு: இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 6 விதிப்படி நடப்பவர்களுக்கு மட்டுமான பகுதிக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ. திருவிழா, யாத்திரைபோல் கூட்டம் சேரும் இடமானால் 500 கிலோ. பள்ளி விடும் மணியடித்ததும் இந்தப் பாலத்தில் நடப்பது திருவிழாக் கூட்டம்தான். ஓடுவார்கள், குதிப்பார்கள், நடுவில் நின்று தண்ணீரை எட்டிப் பார்ப்பார்கள், எல்லாரும் ஒரே ஓரத்தில். அதனால் 500 எடுத்துக்கொண்டோம். 15 செ.மீ. கனம், 10 மி.மீ. முறுக்குக் கம்பி 15 செ.மீ. இடைவெளியில், குறுக்குக் கம்பி 8 மி.மீ. ஒன்றியப் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது இது. இதே அளவை வேறு நீளப் பாலத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈரத்தில் நிற்கும் கான்கிரீட் என்பதால், கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 படி குறைந்தது எம்25 தரம், கவர் 30 மி.மீ. கலவை விகிதத்தைப் பக்கத்து பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் எங்கள் எம்-சாண்டையும் ஜல்லியையும் சோதித்து எழுதிக் கொடுத்தார். கவர் கட்டைகளை நாங்களே முன்கூட்டி வார்த்து நீரில் ஊறவைத்திருந்தோம். உடைந்த ஓட்டுத் துண்டையோ ஜல்லியையோ கம்பிக்கு அடியில் செருகுகிற பழக்கத்தை இந்த வேலையில் அனுமதிக்கவே இல்லை. பழைய ஸ்லாப் கெட்டதற்குக் கவர் இல்லாததும் ஒரு காரணம் அல்லவா.

ஏப்ரல் கடைசி வாரம், வெயில் சாய்ந்த பிறகு கான்கிரீட் போட்டோம். கத்திரி வெயில் தொடங்கும் மே 4க்கு முன்னால் முதல் சில நாள் ஈரம் காத்துவிட வேண்டும் என்று எண்ணம். ஸ்லாப் சின்னது, முக்கால் கன மீட்டர்கூட வராது. ஆனால் தண்ணீர்தான் எப்போதும் தகராறு. சிமெண்டின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது, அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டருக்குள். கலவை கெட்டியாக இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் காட்டட்டுமா என்று கலவை போட்ட தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். அளந்து வைத்த வாளிகளைத் தவிர மற்ற தண்ணீரை அப்புறப்படுத்திவிட்டோம். வைப்ரேட்டர் ஊசியை நேராக விட்டு, மெதுவாக எடுத்து, கம்பிக்கு அடியில் காற்று நிற்காமல் பார்த்துக்கொண்டோம்.

மேற்பரப்பு இரண்டு பக்கமும் லேசாகச் சரிய வேண்டும், நடுவில் தண்ணீர் நிற்கக் கூடாது. மணியாசுக் கட்டையால் தேய்த்த பிறகு தென்னந்துடைப்பத்தால் குறுக்காக வரி இழுத்தோம். வழவழப்பாகப் பூசினால் பார்க்க நன்றாக இருக்கும். ஐப்பசி மழையில் பாசி பிடித்தால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். அடிப்பக்கம் ஓரத்திலிருந்து சற்று உள்ளே ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம் வரும்படி சென்ட்ரிங்கிலேயே ரீப்பர் வைத்திருந்தோம். ஓரத்தில் இறங்கும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் அறுந்து கீழே சொட்டிவிடும், உள்ளே ஊராது. பழைய இரண்டு ஸ்லாபிலும் கட்டர் வைத்து இதே பள்ளத்தை வெட்டினோம். செலவே இல்லாத வேலை. பழைய பாலத்தில் இது இருந்திருந்தால் இன்னும் பத்து இருபது வருடம் தாங்கியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மூன்று மீட்டர் ஸ்லாபுக்கு ஏழு நாளில் அடிமுட்டுகளைப் பிரிக்கலாம் என்று விதி சொல்கிறது. நாங்கள் மெதுவாக வலுவேறும் கலப்புச் சிமெண்ட் பயன்படுத்தியதால் இரண்டு வாரம் விட்டோம். அதுவரை மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தோம். அக்னி நட்சத்திர வெயிலில் மதியத்துக்குள் பாத்தி வற்றிவிடும். பக்கத்து வீட்டு அம்மா தன் கிணற்று மோட்டாரைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தார். அவர் இல்லாமல் அந்த ஸ்லாப் இந்த உறுதிக்கு வந்திருக்காது.

மூட்டை அடுக்கிச் சோதனை

கான்கிரீட் போட்டு 28 நாள் கழிந்ததும் பாரச் சோதனை. ஐ.எஸ். 456 சொல்வது, கணக்கிட்ட பாரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஏற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஒரு ஸ்லாபின் பரப்பு நாலரை சதுர மீட்டர், 500 கிலோவில் ஒன்றேகால் மடங்கு என்றால் 2,800 கிலோ சொச்சம். 50 கிலோ மணல் மூட்டை 57. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு பக்கமும் சமமாக, கால்வாசி கால்வாசியாக ஏற்றினோம். அடியில் ஜாக்கிகளை ஸ்லாபைத் தொடாமல் இரண்டு செ.மீ. கீழே நிறுத்தியிருந்தோம், ஒருவேளை விட்டால் பிடிப்பதற்கு. சோதனை முடியும்வரை அடியில் ஆள் போகவில்லை. ஸ்லாப் இறங்குவதைக் காட்டும் கடிகார அளவியைப் பார்ப்பவரும் கரையிலிருந்துதான் பார்த்தார்.

நடுவில் எவ்வளவு இறங்குகிறது என்பதே கேள்வி. அதே விதியில் ஒரு கணக்கு உண்டு: நீளத்தை மீட்டரில் வர்க்கப்படுத்தி, 40ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள கனத்தால் வகுக்க வேண்டும். எங்களுக்கு 40ஐ 9ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் 2.4 மி.மீ. அதற்குள் இறங்கினால் பாரத்தை எடுத்த பின் எவ்வளவு மீண்டது என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. புது ஸ்லாப் ஒன்றரை மி.மீ.க்குள் நின்றது. ஒட்டுப் போட்ட இரண்டும் அதைவிடச் சற்றுக் கூடுதல், ஆனால் எல்லைக்குள். மூட்டையை இறக்கியதும் மூன்றும் மீண்டன. தலைமை ஆசிரியை அந்த அளவுத் தாளை வாங்கிப் பள்ளி ஆவணத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் கைப்பிடி

எல்லாரும் முதலில் கேட்ட வேலைக்கு இப்போதுதான் வந்தோம். பழைய கைப்பிடியில் குழாய்கள் கிடையாக ஓடின. கிடைக்குழாய் பிள்ளைகளுக்கு ஏணி. இரண்டாவது குழாயில் கால் வைத்து ஏறி நின்று எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைகளும் இதே பாலம்தான். அதனால் இந்த முறை உயரம் 1.1 மீட்டர், நடுவில் எல்லாம் நிமிர்ந்த கம்பிகள். கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகாது. சின்னப் பிள்ளையின் தலை நுழையாது. அடியிலும் ஸ்லாபுக்கும் கம்பிக்கும் நடுவே பாதம் வழுக்கிப் போகாத அளவுக்கே விட்டோம்.

கைப்பிடியின் மேல்முனை மீட்டருக்கு 150 கிலோ பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க வேண்டும் என்கிறது ஐ.ஆர்.சி. கம்பத்துக்குக் கம்பம் ஒன்றரை மீட்டர் என்றால் ஒவ்வொரு கம்பமும் 225 கிலோ. இதைப் பழைய கான்கிரீட்டில் துளையிட்டுப் பசை ஆணி வைத்துத் தாங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய இரண்டு ஸ்லாபிலும் முழுக்கத் துளைத்து, அடியிலும் தகடு வைத்து, போல்ட் போட்டு இறுக்கினோம். புது ஸ்லாபில் கான்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்து வெல்டு செய்த தகட்டைப் பதித்திருந்தோம். எங்கும் குழி விட்டு நடவில்லை, தண்ணீர் நிற்க இடமே இல்லை. கம்பி முனைகளை வெல்டர் தம்பி ஒவ்வொன்றாகத் தேய்த்து மழுக்கினார். முடித்த பிறகு தன் கையை எல்லாக் கம்பியிலும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். பிள்ளைகள் கையை ஓட்டிக்கொண்டேதானே போவார்கள்.

பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு இரும்புக் கம்பம் நட்டோம். இதில் வாக்குவாதம் வந்தது. நடுவில் நட்டால் இருசக்கர வண்டியும் போகாது என்றார்கள். ஆனால் சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. வழி வேண்டும். ஒன்றரை மீட்டரில் நடுவில் நட்டால் அந்த வழி கிடைக்காது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இன்று எங்கள் பள்ளியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வழி இருக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அவர் பக்கமே நின்றேன். கம்பத்தை ஓரமாகத் தள்ளி, ஒரு பக்கம் முழு 90 செ.மீ. விட்டோம். மோட்டார் சைக்கிள் நுழையத்தான் செய்யும். மூட்டை ஏற்றிய சின்ன வண்டியும் உழவு இயந்திரமும் நுழையாது. ஸ்லாபுக்குக் கெடுதல் செய்வது அவைதான்.

ஜூனில் பள்ளி திறந்தது, பிறகு தண்ணீரும் வந்தது. முதல் வேகம் அடங்கியதும் மூங்கில் கழியில் அளவு போட்டு, இரண்டு தூணின் மேல்நீர் முகத்திலும் ஆழம் பார்த்தோம். பாவிய கல் இடத்திலேயே இருக்கிறது. தூணில் மஞ்சள் பெயின்ட்டில் அளவுக் கோடு எழுதியிருக்கிறோம், மழைக்காலத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துக் குறித்து வைக்கலாம். ஆகாயத்தாமரை அடைத்தால் யார் எடுப்பது என்பதை ஊராட்சியில் பேசி முடிவு செய்தாகிவிட்டது. தூர்வாரும்போது பாலத்துக்குக் கிட்டே இயந்திரம் வரக் கூடாத எல்லைக்கு இரண்டு கல் நட்டிருக்கிறோம்.

ஒரு வேலை பாக்கி. வடகரையில் பாலத்தின் முனையில் கரை மண்ணைத் தாங்கும் சிறகுச் சுவரில் சாய்வாக ஒரு விரிசல் இருக்கிறது. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறோம். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். ஜனவரி 28க்குப் பிறகு தண்ணீர் வடிந்ததும் அதைப் பார்ப்போம். உடைந்திருந்தால் சுவரின் கடைக்காலைத் தோண்டிப் பார்ப்பது, உடையாமல் இருந்தால் விரிசலை அடைத்துவிடுவது என்று கொத்தனார் அண்ணனோடு பேசி வைத்திருக்கிறேன்.